உங்களுக்குத் தெரியுமா? அன்டார்க்டிகாவில் ஒரே ஒரு புல்!

கண்டத்துக்கே இரண்டு

அன்டார்க்டிகாவில் மனிதர் கொண்டுபோகாமல் தானாகவே வளரும் பூக்கும் தாவரங்கள் மொத்தம் இரண்டே இரண்டு. ஒன்று, தரையோடு தரையாகக் குவிந்து வளரும் சின்னஞ்சிறு செடி. பெயர் கொலோபாந்தஸ் குயிடென்சிஸ். இன்னொன்று ஒரு புல்: டெஷாம்ப்சியா அன்டார்க்டிகா. நெல், கோதுமை, கரும்பு, மூங்கில், அறுகு எல்லாம் எந்தக் குடும்பமோ அதே குடும்பம். 11,000க்கும் அதிகமான இனங்கள் உள்ள அந்தப் பெரிய குடும்பத்திலிருந்து அங்கே சொந்தக்காலில் போய்க் குடியேறியது இது ஒன்றுதான். அப்படி என்ன இருக்கிறது அதன் இலையில்? இந்த முறை பக்கம் முழுக்க அதுதான் கதை.

துருவத்தில் தேடாதீர்கள்

உலகின் மிகக் குறைந்த வெப்பநிலை அன்டார்க்டிகாவின் நடுப்பகுதியில் உள்ள வஸ்தோக் நிலையத்தில் 1983 ஜூலையில் பதிவானது: மைனஸ் 89.2 டிகிரி செல்சியஸ். நம் புல்லுக்கு அங்கே வேலையில்லை. கண்டத்திலிருந்து தென் அமெரிக்காவை நோக்கி நீளும் தீபகற்பத்தின் மேற்குக் கரை, தென் ஷெட்லாண்ட் தீவுகள், தென் ஆர்க்னி தீவுகள், இவைதான் அதன் ஊர். தெற்கே ஏறக்குறைய 69 டிகிரி அட்சரேகை வரை போகிறது. வடக்கே தென் ஜார்ஜியாவிலும் ஃபாக்லாந்திலும் தென் அமெரிக்காவின் கடைக்கோடியிலும் உண்டு.

அன்டார்க்டிகாவில் பனி மூடாத நிலம் 1 சதவீதத்துக்கும் குறைவு. கரையோரத்தில் கோடைக்காலச் சராசரியே 0 முதல் 2 டிகிரிக்குள்தான் இருக்கும். அங்கே அதுதான் ‘நல்ல காலம்’.

இந்தியாவின் மைத்ரி நிலையம் இருக்கும் ஷிர்மாகர் பகுதியில் இந்தப் புல் கிடையாது. கிழக்கு அன்டார்க்டிகாவில் பாசி, லைக்கன் வகைகளோடு சரி.

முதலில் பார்த்தவர்

1829-ல் புறப்பட்ட அமெரிக்கப் பயணக் குழுவோடு தென் ஷெட்லாண்ட் தீவுகளுக்குப் போன இயற்கை ஆய்வாளர் ஜேம்ஸ் எயிட்ஸ், இந்தப் புல்லைச் சேகரித்துக் கொண்டுவந்தார். அதே பயணத்தில் பத்துக் கால் கடல் சிலந்தி ஒன்றையும் கண்டு எழுதினார். பத்துக் காலா, எட்டுதானே இருக்க முடியும் என்று வெகுகாலம் பலர் நம்பவில்லை. அவர் சரியாகத்தான் எண்ணியிருந்தார் என்பது அடுத்த நூற்றாண்டில் தெரிந்தது. புல்லை மட்டும் யாரும் சந்தேகிக்கவில்லை.

பனிக்குள் ஒரு பாலைவனம்

இந்த இலையைப் புரிந்துகொள்ள ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். துருவப் பகுதியில் தாவரத்தைக் கொல்வது குளிர் மட்டுமில்லை, வறட்சியும்தான். சுற்றிலும் தண்ணீர் கிடக்கிறது, ஆனால் கட்டியாகக் கிடக்கிறது. மண் உறைந்திருக்கும்போது வேரால் ஒரு சொட்டு உறிஞ்ச முடியாது. மேலே காற்றோ சளைக்காமல் அடித்து இலையிலிருக்கும் ஈரத்தைப் பிடுங்குகிறது. வருமானம் நின்றுபோன வீட்டில் செலவு மட்டும் தொடர்ந்தால் என்ன ஆகும்? அதனால் இந்தப் புல்லின் இலையை வெட்டிப் பார்க்கிற தாவரவியல் மாணவர், ஊர் சொல்லாமல் கொடுத்தால், ‘வறண்ட நிலத்துப் புல்’ என்றுதான் விடை எழுதுவார். மதிப்பெண் குறைக்க முடியாது.

நுண்ணோக்கியின் கீழே

மேலோட்டமாகப் பார்த்தால் இலை ஒரு தடித்த நூல். நீளம் சில சென்டிமீட்டர். குறுக்கே மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால்தான் அது தட்டையான இலை மடிந்து நூலாகியிருக்கிறது என்பது தெரியும். இலையின் மேற்பக்கம் உள்ளே போய்விட்டது. கீழ்ப்பக்கம் வெளிச்சுவராக நிற்கிறது.

வெளிச்சுவர் வழவழப்பானது. அதன்மேல் தடித்த கியூட்டிக்கிள் படலமும் மெழுகும். காற்று வந்து மோதுவது இதன்மேல்தான். உட்பக்கமோ முகடும் பள்ளமுமாக வரிசை கட்டியிருக்கிறது. ஒவ்வொரு முகட்டுக்குள்ளும் ஒரு நரம்பு ஓடுகிறது. மூச்சு விடும் இலைத்துளைகளில் பெரும்பாலானவை இந்த உட்பக்கத்தில்தான். துளையிலிருந்து வெளியேறும் நீராவி நேராகக் காற்றில் கலக்காமல் அந்தக் குறுகிய இடத்திலேயே தங்குகிறது. உள்ளே ஈரம் மிஞ்சினால், வெளியேறும் வேகம் தானாகக் குறைகிறது.

நரம்பைச் சுற்றி இரட்டைக் காவல். உள்வட்டத்தில் தடித்த சுவருள்ள சிறு செல்கள், வெளிவட்டத்தில் மெல்லிய சுவருள்ள பெரிய செல்கள். இந்த இரட்டை உறை கோதுமை, பார்லி போன்ற அதன் குளிர்நாட்டு உறவினர்களிடமும் உண்டு. நரம்பை ஒட்டியும் விளிம்பிலும் உறுதி தரும் நார்த் திசு இருப்பதால், செல்களில் நீர் குறைந்தாலும் இலை துவண்டு விழாது.

நெல்லுக்கும் தெரிந்த வித்தை

தண்ணீர் காணாத வயலில் நெல் இலை உள்பக்கமாகச் சுருண்டு நிற்பதை விவசாயி எவரும் பார்த்திருப்பார். அதன் சூட்சுமம், இலையின் மேற்தோலில் வரிசையாக உள்ள புல்லிஃபார்ம் செல்கள். மெல்லிய சுவர், பெரிய வயிறு, உள்ளே நிறையத் தண்ணீர். நீர் குறைந்ததும் முதலில் சுருங்குவது இவைதான். மேற்பக்கம் சுருங்க, இலை சுருள்கிறது. தண்ணீர் பாய்ச்சினால் விரிகிறது. தஞ்சாவூர் வயலில் சில நாள் நடக்கும் இந்த நாடகத்தை அன்டார்க்டிகாப் புல் நிரந்தரக் கோலமாகவே வைத்துக்கொண்டிருக்கிறது.

அறுகம்புல்லை அங்கே நட்டால்?

பிழைக்காது. அறுகு, கரும்பு, சோளம், கம்பு எல்லாம் ‘சி4’ முறையில் ஒளிச்சேர்க்கை செய்பவை. கொதிக்கும் வெயிலில் அந்த முறைக்கு நிகர் கிடையாது, குளிரிலோ தடுமாறிப்போகும். அன்டார்க்டிகாப் புல் நெல்லையும் கோதுமையையும் போல ‘சி3’ கட்சி. ‘தலை வெட்டினாலும் தழைக்கும்’ என்று நாம் பெருமைப்படும் அறுகுக்கும் எல்லை உண்டு.

வளைந்து நெளிந்த பசுங்கணிகம்

பாடப்புத்தகப் படத்தில் பசுங்கணிகம் ஒழுங்கான நீள்வட்டமாக இருக்கும். போலந்துத் தாவரவியலாளர் இரேனா கெவனோவ்ஸ்காவும் குழுவினரும் தென் ஷெட்லாண்டின் கிங் ஜார்ஜ் தீவில் வளரும் இந்தப் புல்லின் இலையை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து 2005-ல் வெளியிட்ட படங்களில் அப்படி இல்லை. பசுங்கணிகத்தின் விளிம்பு புடைத்தும், குழிந்தும், பை போல உள்ளே மடிந்தும் கிடக்கிறது. பக்கத்திலேயே மைட்டோகாண்ட்ரியாவும் பெராக்சிசோமும் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன.

எதற்கு இந்த நெளிவு? நெளிய நெளிய மேற்பரப்பு கூடுகிறது; பக்கத்து உறுப்புகளோடு பொருள் பரிமாற வேண்டிய தூரமும் குறைகிறது. குளிரில் எல்லா வேதிவினையும் மந்தமாகிவிடும் என்பதால், கொடுக்கல் வாங்கல் கைக்கெட்டும் தூரத்தில் நடப்பது லாபம்தான்.

தடித்த சுவருக்கு விலை

இத்தனை பாதுகாப்பும் இலவசமில்லை. செல் சுவர் தடித்தால் ஈரம் தங்கும், சரி. ஆனால் கார்பன் டை ஆக்சைடு உள்ளே போவதும் சிரமமாகிறது. இந்த இரண்டு அன்டார்க்டிகாத் தாவரங்களிலும் ஒளிச்சேர்க்கைக்குப் பெரிய முட்டுக்கட்டை இலையின் இந்தக் கட்டமைப்பே என்று 2017-ல் வந்த ஆய்வு காட்டியது. அதை ஈடுகட்ட இவற்றின் ருபிஸ்கோ நொதி கார்பன் டை ஆக்சைடைத் தேர்ந்து பிடிப்பதில் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறதாம். ஒரு பக்கம் இறுக்கினால் இன்னொரு பக்கம் தளர்த்த வேண்டியிருக்கிறது.

பூஜ்ஜியத்திலும் அடுப்பு எரியும்

இந்தப் புல்லின் ஒளிச்சேர்க்கை உச்சத்தில் நடப்பது சுமார் 13 டிகிரியில். தண்ணீர் உறையும் 0 டிகிரியிலும் அந்த உச்சத்தில் ஏறக்குறைய 30 சதவீதத்தை அது எட்டிவிடுகிறது. நெல் அந்த வெப்பநிலையில் உயிருக்குப் போராடும்.

20 டிகிரி என்றால் ‘சுடுது’

காற்று சில டிகிரிதான் இருக்கும். ஆனால் வெயில் நன்றாக அடிக்கும் நண்பகலில் அடர்த்தியான புல் கொத்தின் உள்ளே 20 டிகிரியைத் தாண்டுவதை அன்டார்க்டிகத் தீபகற்பத்தில் அளந்திருக்கிறார்கள். தரையோடு ஒட்டியிருப்பதால் காற்று அடித்துப்போகாமல் சூடு தங்குகிறது. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சூட்டில் ஒளிச்சேர்க்கையின் நிகர லாபம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் போகிறது. நாம் ஏசியில் வைக்கும் வெப்பநிலை அதற்குக் கோடை வெயில்.

உறைந்து பிழைக்கும் கலை

இது சற்று நின்று பார்க்க வேண்டிய விஷயம்.

உறைபனியைச் சமாளிக்கத் தாவரங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, உறையாமல் தப்பிப்பது. பூஜ்ஜியத்துக்குக் கீழே போனாலும் உள்ளிருக்கும் நீரைத் திரவமாகவே வைத்திருப்பது. அன்டார்க்டிகாவின் அந்த இன்னொரு பூச்செடி பெரும்பாலும் இந்த வழியில் போகிறது. இரண்டாவது, உறையட்டும் என்று விட்டுவிடுவது, ஆனால் எங்கே உறைய வேண்டும் என்பதை மட்டும் கட்டுப்படுத்துவது. நம் புல்லின் வழி இதுதான்.

பனிப்படிகம் செல்லுக்குள் உருவானால் சவ்வைக் கிழித்து செல்லைக் கொன்றுவிடும். அதனால் படிகம் செல்களுக்கு வெளியே, இடைவெளிகளில் உருவாகிறது. அப்படி உருவான பனி, செல்லுக்குள் இருக்கும் தண்ணீரையும் வெளியே இழுக்கிறது. செல் வற்றிச் சுருங்குகிறது. உள்ளே மிஞ்சும் சாறு கெட்டியாகிறது. கெட்டியான சாறு சுலபத்தில் உறையாது. ஆக, உறைதல் என்பதும் கடைசியில் செல்லுக்கு வறட்சிதான். வறட்சியைத் தாங்கும் டீஹைட்ரின் என்ற புரதங்கள் இந்தப் புல்லில் இருப்பதில் அதனால் ஆச்சரியமில்லை.

எவ்வளவு தாங்கும்? சிலி நாட்டு ஆய்வாளர்கள் 2001-ல் வெளியிட்ட கணக்குப்படி, குளிருக்குப் பழக்கப்படுத்தாத இலைகளில் பாதி மடிவது சுமார் மைனஸ் 12 டிகிரியில். சில வாரம் குளிரில் வைத்துப் பழக்கினால் அது மைனஸ் 26 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. இரண்டும் ஒரே புல்தான். இலையுதிர்கால முன்னெச்சரிக்கைதான் வித்தியாசம்.

ஐஸ்கிரீம் கற்றுத்தரும் பாடம்

கரண்ட் போய் வந்தபின் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ்கிரீம் நாக்கில் நரநரவென்று கடிபடுமே, கவனித்திருக்கிறீர்களா? பாதி உருகி மறுபடி உறையும்போது சின்னப் படிகங்கள் சேர்ந்து பெரிய படிகங்களாகிவிடுகின்றன. பகலில் கொஞ்சம் உருகி இரவில் உறையும் புல் இலைக்குள்ளும் இதே ஆபத்து உண்டு. பெரிய படிகம் திசுவை நசுக்கிவிடும். அதைத் தடுக்க அன்டார்க்டிகாப் புல் ஒருவகைப் புரதங்களைச் சுரக்கிறது. அவை பனி உருவாவதைத் தடுப்பதில்லை. படிகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு அதைப் பெரிதாக விடாமல் பார்த்துக்கொள்கின்றன, அவ்வளவே.

இதே வகைப் புரதம் ஐரோப்பியப் புல்தரைகளில் சாதாரணமாக வளரும் ரைகிராஸிலும் இருப்பதை 2000-ல் ‘நேச்சர்’ இதழில் அறிவித்தவர்கள் யார் தெரியுமா? யூனிலீவர் நிறுவன ஆய்வாளர்கள். ஐஸ்கிரீம் விற்பவர்களுக்குப் புல்லின் மேல் திடீர்ப் பாசம் ஏன் என்று கேட்க வேண்டியதில்லை.

இனிப்பான இலை

கோடையில் சம்பாதித்ததைச் சர்க்கரையாகவே சேமிக்கிறது இந்தப் புல். இலையில் சுக்ரோஸும் ஃபிரக்டான் என்ற சங்கிலிச் சர்க்கரையும் ஏராளம். சாறு உறையும் வெப்பநிலையைக் கீழே இறக்கவும், செல் சவ்வு ஒட்டிச் சிதையாமல் காக்கவும், வசந்தத்தில் உடனே வேலை தொடங்கவும் ஒரே சேமிப்பு உதவுகிறது.

மேய ஆளில்லை

இவ்வளவு இனிப்பான இலை இருந்தும் அன்டார்க்டிகாவில் புல் தின்னும் பாலூட்டி ஒன்றுகூடக் கிடையாது. அங்கே புல்லுக்குத் தொல்லை என்றால் ஃபர் சீல்கள் புரள்வதும் பென்குயின்கள் மிதிப்பதும்தான். தென் ஜார்ஜியாவில் மட்டும் கதை வேறு. திமிங்கல வேட்டைக்காரர்கள் 1911-ல் கொண்டுவந்து விட்ட கலைமான்கள் பெருகி, அந்தத் தீவின் உயரமான டஸ்ஸாக் புல்வெளிகளை மேய்ந்து தீர்த்தன. ஒரு நூற்றாண்டு கழித்துத்தான் அவற்றை முற்றிலும் அகற்ற முடிந்தது.

நுனி போனால் போகட்டும்

மரத்துக்கு வளரும் இடம் கிளை நுனியில். புல் இலைக்கு அடியில். மண்ணை ஒட்டி, பழைய இலையுறைகளின் நடுவே பத்திரமாக இருக்கும் அந்த இடத்திலிருந்து இலை மேலே தள்ளப்படுகிறது. அதனால்தான் மாடு மேய்ந்தாலும், இயந்திரம் வெட்டினாலும் புல் மறுபடி வளர்கிறது. துருவக் காற்று இலை நுனியைக் கருக்கிவிட்டாலும் அடியில் தொழிற்சாலை ஓடிக்கொண்டே இருக்கும். குளிருக்காகவே கண்டுபிடித்த வித்தை இல்லை இது. குடும்பச் சொத்து அங்கே கைகொடுக்கிறது.

செத்த இலைக்கும் வேலை

புல் கொத்தைக் கையால் விலக்கிப் பார்த்தால் வெளியே பச்சை, அடியில் பழுப்பு. பல வருடத்துப் பழைய இலைகள் உதிராமல் அப்படியே நிற்கும். அங்கே குளிரில் மக்குவதும் மெதுவாகத்தான். காற்றைத் தடுக்கவும், ஈரத்தைப் பிடித்துவைக்கவும், குருத்தை மூடிக் காக்கவும் அந்தப் பழைய இலைகள் தேவை. வீட்டுத் தோட்டத்தில் காய்ந்ததையெல்லாம் உடனுக்குடன் பிய்த்தெறிபவர்கள் கவனிக்க!

குளிர்காலத்தில் பச்சை

பனிக்காலத்தில் இந்தப் புல் இலையை உதிர்ப்பதில்லை. பச்சை இலைகளோடே பனியின் அடியில் மாதக்கணக்கில் கிடக்கிறது. தளர்வான பனிக்குள் காற்று நிறைய அடைபட்டிருப்பதால் அது வெப்பத்தைச் சுலபத்தில் கடத்தாது. வெளியே மைனஸ் 20 அடித்தாலும் அடியில் அவ்வளவு இறங்காது. பனி உருகிய மறுநாளே இலை தயார். புது இலை விட்டுத்தான் தொடங்க வேண்டும் என்றால் மூன்று நான்கு மாதக் கோடையில் பாதி அதற்கே போய்விடும்.

வெயிலும் எதிரி

குளிரில் ஒளி ஒரு தலைவலி. வெளிச்சம் இலைமேல் கொட்டிக்கொண்டே இருக்கும். அதைச் சர்க்கரையாக மாற்றும் நொதிகளோ மந்தமாக ஓடும். செலவாகாத ஆற்றல் செல்லையே பதம் பார்க்கும். இந்தப் புல் உபரி ஆற்றலைச் சாந்தோஃபில் நிறமிகள் வழியே வெப்பமாக வெளியேற்றுகிறது. மிச்சத்தை ஆன்டி ஆக்சிடன்ட் நொதிகள் கவனித்துக்கொள்கின்றன.

போதாக்குறைக்கு அன்டார்க்டிகாவின் மேல் ஓசோன் ஓட்டை. 1985-ல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட அந்த ஓட்டை பெரிதாவது வசந்த காலத்தில், அதாவது பனி உருகி இலைகள் தலைகாட்டும் அதே பருவத்தில். புற ஊதாக் கதிரைத் தடுக்க இலையில் ஃபிளேவனாய்டுகள் குவிந்திருக்கின்றன. தோல் பராமரிப்புப் பொருள் செய்பவர்கள் இந்தப் புல்லின் சாற்றைத் தேடி வந்தது இதனால்தான்.

பூ திறக்காமலே கல்யாணம்

பூச்சி வந்து மகரந்தம் சேர்க்கும் என்று காத்திருந்தால் அங்கே வம்சம் விளங்காது. அன்டார்க்டிகாவுக்கே உரிய பூச்சியான பெல்ஜிகா அன்டார்க்டிகாவுக்கு இறக்கையே கிடையாது. அரை சென்டிமீட்டர் அளவுள்ள அந்தக் கொசுவினப் பூச்சி பறக்காமல் ஊர்ந்து திரிகிறது. புல்லோ பெரும்பாலும் பூவைத் திறக்காமல் உள்ளேயே தன் மகரந்தத்தால் தானே கருவுறுகிறது.

பென்குயின் போட்ட எரு

பென்குயின் குடியிருப்புகளுக்கு அருகில் இந்தப் புல் செழிப்பாக வளரும். காரணம் எச்சம். பொதுவாகத் தாவரங்கள் நைட்ரஜனை எடுக்க, மண்ணில் உள்ள புரதம் முழுவதும் சிதைந்து நைட்ரேட்டாகவோ அம்மோனியமாகவோ மாறும் வரை காத்திருக்கும். குளிர் மண்ணில் அந்தச் சிதைவு ஆமை வேகம். இந்தப் புல் காத்திருப்பதில்லை. புரதம் பாதி உடைந்து குட்டிப் பெப்டைடுகளாக இருக்கும்போதே வேரால் உறிஞ்சிவிடுகிறது. 2011-ல் வந்த ஆய்வின்படி, நைட்ரேட், அம்மோனியத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் வேகமாகவும், பக்கத்தில் வளரும் பாசிகளைவிட 160 மடங்குக்கு மேல் வேகமாகவும் இப்படி நைட்ரஜன் பிடிக்கிறது. பந்தியில் இலை போடும் முன்பே கை நீட்டுபவர்களை நமக்கும் தெரியும்.

பறவை கட்டும் வீடு

கெல்ப் கல் என்ற கடற்பறவை இந்தப் புல்லைக் கொத்தோடு பிடுங்கிக் கூடு கட்டுகிறது. கீழே விழும் துண்டு வேர் பிடித்தால் புதிய இடத்தில் புதிய புல்.

ஒரு பவுண்டுக்கு ஓர் ஆய்வு நிலையம்

அன்டார்க்டிகாவில் பிரிட்டன் நடத்திவந்த ஃபாரடே நிலையத்தை 1996 பிப்ரவரியில் உக்ரைன் ஒரே ஒரு பவுண்டு கொடுத்து வாங்கியது. வெர்னாட்ஸ்கி நிலையம் என்று பெயர் மாறியது. அன்றிலிருந்து சுற்றியுள்ள தீவுகளில் இந்தப் புல்லை உக்ரைன் தாவரவியலாளர்கள் விடாமல் ஆராய்ந்துவருகிறார்கள்.

வடக்கே கூட்டம் அதிகம்

தெற்கே ஒன்றே ஒன்று என்றால், வடதுருவப் பகுதியில் புல் இனங்கள் ஏராளம். நிலத்தொடர்ச்சி இருந்ததுதான் காரணம். தெற்கே கொந்தளிக்கும் கடலைத் தாண்டி வர வேண்டும். இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் 2008 முதல் இயங்கும் நார்வேயின் ஸ்வால்பார்டில் போவா, ஃபிப்ஸியா, டுபோன்ஷியா என்று பல புற்களைப் பார்க்கலாம். ஃபிப்ஸியா, பனி உருகும் விளிம்பிலேயே வளர்ந்து அவசரமாகப் பூத்து முடிக்கும் குட்டைப் புல். போவா அல்பினாவின் ஒரு வகை விதை வைப்பதையே கைவிட்டுவிட்டது. பூங்கொத்து இருக்க வேண்டிய இடத்தில் இலையோடு கூடிய குட்டிச் செடிகள் முளைத்து, பாரம் தாங்காமல் சாய்ந்து, விழுந்த இடத்தில் வேர் விடுகின்றன.

படங்களில் வெள்ளைப் பஞ்சாக ஆடும் ‘பருத்திப் புல்’ மட்டும் புல் இல்லை. அது கோரைக் குடும்பம்.

நெல்லுக்குள் ஒரு அன்டார்க்டிகா மரபணு

குளிர் வந்ததும் தற்காப்பு மரபணுக்களை முடுக்கிவிடும் ஒரு மேலாளர் மரபணு, அன்டார்க்டிகாப் புல்லில் இருக்கிறது, பெயர் டிஏசிபிஎஃப்7. தென் கொரியத் துருவ ஆய்வாளர்கள் அதை நெல்லில் சேர்த்தபோது அந்த நெல் குளிரைக் கூடுதலாகத் தாங்கியது என்று 2015-ல் தெரிவித்தார்கள். இது ஆய்வகக் கதை; கடையில் அந்த அரிசியைத் தேட வேண்டாம். இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் மரபணு சொன்னது நெல்லுக்குப் புரிந்திருக்கிறது.

பசுமை பரவினால் சந்தோஷமா?

தென் ஆர்க்னியின் சைனி தீவில் இந்தப் புல் எங்கெங்கே இருக்கிறது என்று 1960களிலிருந்தே குறித்துவைத்திருக்கிறார்கள். 2022-ல் இத்தாலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒப்பீட்டின்படி, 2009-க்கும் 2018-க்கும் இடையில் அது பரவிய அளவு, அதற்கு முந்தைய ஐம்பது ஆண்டில் பரவியதற்குச் சமம். கோடை வெப்பம் கூடியது முக்கியக் காரணம். ஃபர் சீல்களின் மிதி குறைந்ததும் ஒரு காரணம். ‘புல் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று விட்டுவிட முடியாது. அந்த இலைக் கட்டமைப்பின் மதிப்பே மற்ற புற்களால் அங்கே வாழ முடியாது என்பதில்தான் இருந்தது. குளிர் குறையக் குறைய அந்தச் சலுகை போய்விடும்.

அழையா விருந்தாளி

போய்விடும் என்ன, போகத் தொடங்கிவிட்டது. கிங் ஜார்ஜ் தீவில் போலந்தின் ஆர்க்டோவ்ஸ்கி நிலையத்தின் அருகே 1985-86 கோடையில் ஒரு புதுப் புல் தென்பட்டது: போவா அன்னுவா. உலகம் முழுக்கப் புல்தரைகளில் முளைக்கும் சாதாரணக் களை. நம் நீலகிரியிலும் உண்டு. பிறகு நிலையத்தைத் தாண்டியும் பரவியது. பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தும், மண்ணில் தங்கிய விதைகள் சுலபத்தில் விடுவதாயில்லை. இதன் இலை வேகமாக, தாராளமாக வளர்வது. கஞ்சத்தனமாக வாழப் பழகிய உள்ளூர்ப் புல் இதனோடு போட்டியிட்டுப் பழக்கப்பட்டதில்லை.

அன்டார்க்டிகத் தீபகற்பத்தின் சியெர்வா முனையில் இன்னொரு கதை. 1954-ல் மரக்கன்று நடும் சோதனைக்காகத் தென் அமெரிக்காவிலிருந்து மண்ணோடு கன்றுகள் கொண்டுவந்தார்கள். கன்றுகள் செத்தன. மண்ணோடு ஒட்டி வந்த போவா பிராட்டென்சிஸ் என்ற புல் பிழைத்துக்கொண்டது! அறுபது ஆண்டு கழித்து, 2015-ல்தான் அதை அடியோடு தோண்டி எடுத்தார்கள்.

உங்கள் பேன்ட் பாக்கெட்டில் என்ன?

2007-08 பருவத்தில் அன்டார்க்டிகா போனவர்களின் உடை, காலணி, பைகளை ஆய்வாளர்கள் சோதித்தார்கள். விதை ஒட்டியிருந்தவர்களிடம் ஆளுக்குச் சராசரியாக 9.5 விதை. அதிகம் கொண்டுவந்தவர்கள் சுற்றுலாப் பயணிகள் என்று நினைப்பீர்கள். தலைக்குத் தலை கணக்குப் பார்த்தால் விஞ்ஞானிகளும் அவர்களோடு வந்த களப்பணியாளர்களும்தான் முந்தினார்கள்.

இப்போது கப்பலிலேயே வாக்குவம் கிளீனர் வைத்துப் பை மடிப்பு, வெல்க்ரோ பட்டை, சாக்ஸ் எல்லாவற்றையும் சுத்தம் செய்யச் சொல்கிறார்கள். பூட்ஸைக் கிருமிநாசினியில் முக்கி எடுத்த பிறகுதான் கரையிறங்க அனுமதி. உங்களில் யாருக்காவது அந்தப் பயணம் வாய்த்தால், புறப்படும் முன் வீட்டிலேயே வெல்க்ரோவைப் பிரித்து, ஒட்டியிருக்கும் புல் விதைகளை ஒன்றுவிடாமல் பொறுக்கிப் போட்டுவிட்டுப் போங்கள்.